வெயில் தாங்காத வெள்ளை

என் மகன் கனடாவுக்குப் போகும்போது தன் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். நாங்கள் கேட்டு வாங்கவில்லை. அவனும் விட்டுப்போக நினைத்தவன் இல்லை. கூடவே கொண்டுபோகத்தான் ஊசி, சான்றிதழ், கூண்டு என்று எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். கடைசியில் விமானக்காரர்கள், சப்பை மூக்கு நாயை ஏற்ற முடியாது, வழியில் மூச்சுத் திணறிச் செத்தால் யார் பொறுப்பு என்று கையை விரித்துவிட்டார்கள். அதை எங்களிடம் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் ஊரை விட்டுப் போகிற சேதியைச் சொன்னபோது கலங்கவில்லை. இதையெல்லாம் நான் கவனிக்கிறவள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, வாடகைக் காரில் அதைக் கொண்டுவந்து இறக்கினான். ஃபிரெஞ்ச் புல்டாக் என்றான். உடம்பு முழுக்க வெள்ளை, மருந்துக்குக்கூட ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இரண்டு காதும் விறைத்து நின்றன. காதின் உட்புறமும் வயிறும் இளஞ்சிவப்பு. முகம் பூராவும் சதை மடிப்பு, அதற்குள் மூக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். காரிலிருந்து இறங்கி நாலடி நடப்பதற்குள் கொர் கொர் என்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உம் புள்ள பன்னிக்குட்டியா வாங்கியாந்துகீறான்?" என்று கேட்டாள்.

மகனுக்குச் சுருக்கென்றது. "இந்தக் கலர் லேசுல கிடைக்காது தெரியுமா? சொல்லி வெச்சு வாங்கினது" என்றான். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வைத்திருந்தான். என் வாயிலும் நுழையவில்லை, என் வீட்டுக்காரர் வாயிலும் நுழையவில்லை. அவனே கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கவில்லை. "இந்த ஜாதியே பிடிவாதம்மா. இஷ்டப்பட்டாத்தான் வரும்" என்றான். உன்னை மாதிரி என்று சொல்ல வந்து, கிளம்புகிற பிள்ளையிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் வேலை பார்த்தவரை அவன் எங்களுக்கு ஃபோன் செய்வது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதுவும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. சாப்பிட்டியா, நைனா மாத்திரை போடறாரா, சரி வெச்சிடறேன், அவ்வளவுதான். கனடா போன பிறகு தினமும் வீடியோவில் வர ஆரம்பித்தான். எங்களுக்குப் பொழுது விடிகிற நேரம். ஃபோனில் அவன் முகம் வந்ததும் நான் ஆசையாகக் குனிந்து பார்ப்பேன். "மா, கொஞ்சம் தள்ளு. நீ மறைக்கிற" என்பான்.

நாயைப் பார்க்கத்தான் வருகிறான் என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நாயின் பின்னாலிருந்து நான் அவனைப் பார்த்துக்கொள்ளலாம். தாடி விட்டிருக்கிறான், இன்றைக்குத் தலைக்குக் குளிக்கவில்லை, இந்தச் சட்டை புதுசு என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாம். நாயிடம் கொஞ்சிவிட்டு, வைக்கும் முன் ஒரு நிமிஷம் என்னிடமும் பேசுவான். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அந்த நாயை வளர்த்தேன். வெளியே சொன்னால் கேவலம், ஆனால் அதுதான் நிஜம். அது நன்றாக இருக்கிறவரை என் பிள்ளை தினமும் எனக்குக் கிடைப்பான். அதனால் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

என் வீட்டுக்காரர் இந்தக் கணக்கெல்லாம் போடாதவர். அவருக்கு அது கூடவே வருகிற ஒரு ஜீவன். காலையில் கழனிக்குப் போகும்போது சைக்கிளின் பின்னால் பழக்கூடை கட்டி அதில் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு போய்விடுவார். பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும், "யோவ், அத்த எதுக்குய்யா வெயில்ல இட்டுக்கினு போற? மூச்சு வாங்குது பாரு" என்று கத்தினேன்.

"உனுக்கு இன்னாமே தெரியும்? வெள்ளத்தோலு. வெயில் ஒண்ணியும் பண்ணாது" என்றார்.

இதை அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாடு வைத்துப் பிழைத்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்களிடம் ரொம்ப வருஷம் ஒரு வெள்ளை ஜோடி இருந்தது, தாமல் பக்கம் போய்ப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தது. சித்திரையில் உச்சிவெயிலில் ஏர் கட்டினாலும் நாக்கைத் தள்ளாது. கறுத்த மாடு பத்து மணிக்கே நிழலுக்கு இழுக்கும். எருமையைக் கேட்கவே வேண்டாம், ஏரித் தண்ணீரில் இறக்கினால்தான் அதற்கு உயிர் வரும். வெயில் வேலைக்கு வெள்ளை மாடு என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் அவர் அப்படிச் சொன்னதும் நானும் அடங்கிவிட்டேன். மூச்சு வாங்குவது அதன் சுபாவம், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையிலிருந்து மத்தியானம்வரை அது வரப்பில் கிடக்கும். வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மல்லாந்து தூங்கும். ஊர் நாய்கள் சுற்றி நின்று குரைத்தாலும் கண்ணைத் திறக்காது. "இன்னா நெஞ்சழுத்தம் பாத்தியா" என்று அவர் பெருமைப்படுவார். பம்புசெட் வெடித்த மாதிரி சத்தம் போட்டாலும் அசையாதாம், தைரியசாலியாம். ஊரில் நாலு பேரிடம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சித்திரையில் நவரைப் பட்டத்து நெல் அறுப்புக்கு மெஷின் இறங்கியது. அன்றைக்கு நானும் சோறு எடுத்துக்கொண்டு கழனிக்குப் போயிருந்தேன். ஒரு மடக்கு முடித்து மெஷின் திரும்பி வரும்போது, நெற்பயிரின் ஓரமாக வெள்ளையாக ஏதோ கிடந்தது. நாய். மெஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, பூமியே அதிரும். அது அந்தப் பக்கம் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். மூட்டை கட்டவந்த ஆள்கள் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை வாரிக்கொண்டு ஓடி, மெஷினின் பல்லுக்கு முன்னால் விழுந்து அதைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் அது விழித்தது. விழித்து, அவர் முகத்தை நக்கியது.

மூட்டை கட்டுகிறவர்களில் ஒருவர், வயசான மனிதர், சிரிக்காமல் சொன்னார். "அதுக்குக் காது செவுடுப்பா. இது கூடவா தெரில உனுக்கு?"

மறுநாளே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் நிதானமானவள். நாயின் பின்பக்கம் நின்று கை தட்டினாள். எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். நான் துள்ளினேன், அது துள்ளவில்லை.

"ரெண்டு காதுமே கேக்கலைம்மா. குட்டியா இருந்தப்பவே போயிருக்கும்" என்றாள். "தோலுக்கு நிறம் குடுக்கிற செல் இருக்கே, அது காதுக்கு உள்ளயும் கொஞ்சம் இருக்கணும். அது இல்லாம முழு வெள்ளையா பொறக்கிற சில குட்டிங்களுக்குக் கொஞ்ச நாள்லயே காது போயிடும். எல்லா வெள்ளை நாய்க்கும் ஆகாது. இதுக்கு ஆயிருக்கு."

பிறகு காதுகளை மடக்கிப் பார்த்தாள். ஓரமெல்லாம் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. மூக்கின் மேலும் அப்படியே. "வெயில்ல விடறீங்களா?" என்று கேட்டாள். அவர், வெள்ளைதானே, தாங்கும் என்றுதான் விட்டோம் என்றார். டாக்டரம்மா எங்களை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். குளம்பில் புண் என்று யாரோ ஒரு வெள்ளைக் காளையைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அதன் முதுகில் இரண்டு விரலால் மயிரைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே தோல் கன்னங்கரேலென்று இருந்தது. பிறகு நாயின் முதுகில் மயிரைப் பிரித்தாள். உள்ளே பச்சைக் குழந்தையின் உள்ளங்கை மாதிரி இருந்தது.

"மாட்டுக்கு மயிர்தான் வெள்ளை. இதுக்குத் தோலும் வெள்ளை. வெயில் நேரா உள்ள இறங்கும். புண்ணாகும், அப்புறம் அதுவே புத்துநோயா மாறும். அதோட, இந்த மூக்கை வெச்சிக்கிட்டு இதால உடம்புச் சூட்டையும் தணிச்சிக்க முடியாது. வெயிலே படக்கூடாதும்மா."

வீட்டுக்குத் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் அவர், "மாட்டுத்தோலு கறுப்புன்னு எனுக்குத் தெரியாதா? எத்தினி மாட்டக் கழுவிகீறேன். அத்தயும் இத்தயும் சேத்து ரோசன பண்ணலியே" என்றார். எனக்கும் ஆத்திரமாக இருந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. காது கேட்காத குட்டியை அபூர்வம் என்று சொல்லி விற்றவன்மேல் இருக்கலாம்.

மகனிடம் சொன்னோம். அவன் நம்பவில்லை, பிறகு நம்பினான், பிறகு குட்டி விற்றவனைத் திட்டினான். கூரியரில் குழந்தைகளுக்குப் பூசுகிற வெயில் களிம்பும், மெல்லிய துணியில் தைத்த நாய்ச்சட்டையும் வரவழைத்தான். காலையில் நான் அதற்குக் காதிலும் மூக்கிலும் களிம்பு பூசிவிடுவதைப் பார்க்கத் தெருவே கூடும். "எங்களுக்கும் கொஞ்சம் தடவேன்க்கா, நடவுக்குப் போறோம்" என்று வேலைக்குப் போகிற பெண்கள் கேலி பேசுவார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருந்தது. எங்கள் யார் முகத்திலும் யாரும் எதையும் பூசியதில்லை.

அதை வீட்டுக்குள்ளேயே வைத்தேன். ஈரக் கோணியை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்கவிட்டேன். சோறு என்றால் உள்ளங்கையைக் காட்டுவது, வா என்றால் தொடையைத் தட்டுவது என்று அவர் கைஜாடை பழக்கினார். நான் தரையைக் காலால் உதைத்தால் அதிர்வில் திரும்பும். மின்சாரம் போனால் விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். என் பிள்ளைகூட இப்படி வளரவில்லை. அவன் தொட்டிலிலே தூங்கும்போது நான் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் நல்லபடியாகப் போயிற்று. பொங்கலுக்கு அதற்குச் சந்தனம் வைத்து வீடியோவில் காட்டினோம். மகன் சிரித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நான் நினைத்தேன்.

அடுத்த வெயில் தொடங்கும்போது வலது காதின் ஓரத்தில் ஒரு பொருக்கு. சொறிந்துகொண்டே இருந்தது. பொருக்கு விழும், ரத்தம் வரும், மறுபடி பொருக்குக் கட்டும். டாக்டரம்மா மருந்து கொடுத்து, பத்து நாளில் ஆறாவிட்டால் உடனே கொண்டுவாருங்கள் என்றாள். அந்தப் பத்து நாளில்தான் அறுப்பு வந்தது. அறுத்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தோம். கோடைமழை வருகிற மாதிரி மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. வீட்டில் ஓர் ஆள் இல்லை, இரண்டு பேரும் தார்ப்பாயோடு ரோட்டிலேயே கிடந்தோம். நெல் மூட்டைக்குள் போன பிறகு நாயைத் தூக்கியபோது, தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒன்று என் கையில் தட்டுப்பட்டது.

டாக்டரம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். சென்னைப் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். வெயிலால் வந்த தோல் புற்றுநோய், காதோடு நின்றிருந்தால் காதை எடுத்துவிட்டுப் பிழைக்கவைக்கலாம், இப்போது தாடைக் கட்டிவரை இறங்கிவிட்டது என்றார்கள். அறுக்கலாம், ஆனால் இந்த மூக்குக்கு மயக்க மருந்தே ஆபத்து, அறுத்தாலும் கொஞ்ச நாள்தான் என்றார்கள். மகன் ஃபோனிலேயே டாக்டரோடு இங்கிலீஷில் பேசினான். கடைசியில் என்னிடம், "வூட்டுக்கு இட்டுக்கினு போயிடும்மா" என்றான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவன் வாயில் எங்கள் பேச்சு வந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாய்க்கு நோய் முற்ற முற்ற மகன் வீடியோவில் அதிகமாக வந்தான். காலையில் ஒரு தரம் வந்தவன் சாயங்காலமும் வந்தான். வேலைக்கு நடுவிலும் வந்தான். சாப்பிட்டுதா, வலி மாத்திரை கொடுத்தியா, மூச்சு எப்படி என்று என்னிடம்தான் கேட்டாக வேண்டும். நான் சொல்லச் சொல்ல ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள், "மா, நீ ஏன் இப்படி இளைச்சிட்ட? தூங்கறியா இல்லியா?" என்றான். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்த நாய் வலியில் முனகிக்கொண்டிருந்த அதே நாட்களில், பிள்ளையைப் பெற்றதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருந்தது. "ஊசி போட்டு அனுப்பிடலாம்மே. அந்த டாக்டர் பொண்ணு நல்லா போடும், வலிக்காது" என்று இரண்டு தரம் சொன்னார். நான் மகனைக் கேட்கவேண்டும் என்றேன். மகன், "இன்னும் சாப்பிடுது இல்ல? கொஞ்சம் பாக்கலாம்மா" என்றான். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. புழுக்கம். விசிறிக்கொண்டிருந்தேன். அது வாயைப் பிளந்து இழுத்தது, நாக்கு நீலமாகிவிட்டது. தண்ணீரைத் துணியில் நனைத்து நெஞ்சில் வைத்தேன். அவர் கழனியிலிருந்து ஓடிவந்து அதன் கண்ணுக்கு நேராக உள்ளங்கையைக் காட்டினார், சோற்றுக்குக் காட்டுவதுபோல. அது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். மாடு செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பம்புசெட் பக்கம் குழி வெட்டினார். மகன் வீடியோவில் இருந்தான். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டையோடு வைத்து மண் தள்ளும்போது அவன் குலுங்கினான். "மா, மூஞ்சில மண்ணு போடாம பாத்துக்கோ" என்றான். முகத்தின்மேல் ஒரு வாழையிலையை வைத்துவிட்டுத்தான் மூடினோம்.

அடுத்த நாள் வந்தான், நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அதற்கடுத்த நாளும் வந்தான், பேச ஒன்றும் இல்லை. பிறகு இடைவெளி விழுந்தது. நான் விடிகிற நேரத்தில் எழுந்து ஃபோனைச் சார்ஜிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாமே கூப்பிடலாம் என்றால், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி வரும். ஞாயிற்றுக்கிழமை என்று ஆயிற்று. பிறகு தீபாவளிக்கு ஃபோனில் வந்தான். கார்த்திகையில் ஒரு நாளும் வரவில்லை. "வேல இருக்கும் அவனுக்கு" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். போன வருஷமும்தான் வேலை இருந்தது.

மார்கழியில் திடீரென்று ஃபோன் அடித்தது. எடுத்தால் அவன் முகம், பளிச்சென்று. "மா, என் ஃபிரெண்டோட ஃபிரெண்டு ஒருத்தன் சென்னையில பிரீட் பண்றான். நாலு குட்டி போட்டிருக்காம். அதுல ஒண்ணு அப்படியே நம்மளது மாதிரி. முழு வெள்ளை. எனக்குப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடிச்சு. வாங்கி உங்கிட்ட அனுப்பட்டா? நீ பாத்துப்பியா?" குட்டியின் படத்தையும் அனுப்பினான். உள்ளங்கை அளவு, இளஞ்சிவப்புக் காது.

எதிரில் உட்கார்ந்திருந்த அவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார். வேணாம், வேணாம் என்று கையாலும் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு மட்டும் தெரியாதா என்ன? அந்தக் காது கேட்குமா என்று யாரும் கை தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மூக்கு எங்கள் சித்திரையைத் தாங்காது. களிம்பு, ஈரக் கோணி, விசிறி, பொருக்கு, கட்டி, குழி எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தது.

"அனுப்புப்பா" என்றேன்.

"நிஜமாவாம்மா? அப்ப இனிமே தினமும் கால் பண்றேன்" என்றான் என் மகன்.